ஈரச் சாக்கு

நல்லசிவம் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடைக்குப் புது மெஷின் வந்து இறங்கியபோது, சூடத் தட்டைப் பானுப்பிரியாவின் கையில்தான் கொடுத்தார்கள். அவள் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கிட்ட வந்து காட்டு தாயி. அது என்ன கடிக்கவா போகுது?" என்றார் அண்ணாச்சி.

"இங்கன இருந்தே காட்டுறேன் அண்ணாச்சி. சாமிக்குத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தாயில்பட்டியில் பிறந்து, வெடி ஆபீஸில் வளர்ந்த பெண் அவள். பட்டாசுத் தொழிற்சாலையை அந்தப் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதன் அருகிலும் போகக் கூடாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் கூடப் பிறந்த அக்கா அய்யம்மாள், ஒரு பங்குனி மாதத்துக் காய்ந்த காலையில் மருந்து ரூமுக்குள் போனவள், திரும்பி வரவில்லை. வெடிமருந்துப் பொடிகளைக் கலக்கும் அறைக்கு அதுதான் பெயர். தீக்குச்சி இல்லை, அடுப்பு இல்லை. உடுத்தியிருந்த நைலான் சேலை உரசி உடம்பில் ஏறிய மின்சாரமே மருந்து வெடிக்கப் போதுமானதாக இருந்தது என்றார்கள். 'உடம்புக் கரண்டு' என்று அதற்கு ஊரில் பெயர். அதை இறக்கிவிடத்தான் அறை வாசலில் தாமிரத் தகடு பதித்திருக்கும்; அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். அதற்காகத்தான் விடிந்ததும் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள், சாக்கை நனைத்து விரிப்பார்கள். அன்றைக்கு ஏனோ சாக்கு காய்ந்து கிடந்தது. பக்கத்து ஷெட்டில் திரி வெட்டிக்கொண்டிருந்த பானுப்பிரியா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். இன்னமும் அது அவள் காதை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு வெளியே வந்தவள் மறுபடி உள்ளே போகவில்லை. வீட்டிலிருந்தபடியே காகிதக் குழாய் சுற்றினாள். விட்ட படிப்பைத் தொட்டு, பன்னிரண்டாவது முடித்து, கம்ப்யூட்டர் தட்டவும் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி மகள் ஆர்த்தி பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, சாத்தூரில் இந்த வேலை கிடைத்தது. "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். கை பழகிட்டா நிரந்தரம். இல்லேன்னா என்னைத் தப்பா நினைக்கக் கூடாது" என்று அண்ணாச்சி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார்.

கை என்னவோ சீக்கிரம் பழகிவிட்டது. கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து மூடிப் பொத்தானை அழுத்தும் பழைய மெஷின் இல்லை அது. கட்டுத் தாளை மேலே சொருகினால் இரண்டு பக்கத்தையும் தானே படித்து மனதில் வாங்கிக்கொள்ளும். பிறகு எத்தனை நகல் கேட்டாலும் அடித்து, வரிசை மாறாமல் அடுக்கி, மூலையில் பின்னும் குத்தித் தள்ளிவிடும். ஆதார் அட்டையின் முன்னும் பின்னும் ஒரே பக்கத்தில் வரும். பார்த்த தாளை அப்படியே மெயிலில் அனுப்பும். போனில் இருக்கும் படத்தைக் கம்பியில்லாமல் வாங்கி அச்சடிக்கும். மற்றவர் கண்ணில் படக் கூடாத கடுதாசி என்றால் ரகசிய எண் போட்டுப் பூட்டி வைக்கும். எண்ணைத் தட்டினால்தான் கக்கும். ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ஒருவர், "இதுக்குச் சோறு பொங்க மட்டும்தான் தெரியாது போலருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனையும் பழகியவளின் மனசில் ஒரு முள் மட்டும் தைத்துக்கொண்டே இருந்தது. மெஷினைப் பொருத்த வந்த விருதுநகர் மெக்கானிக் ராஜபாண்டியன், அண்ணாச்சிக்கு அதன் சூட்சுமத்தை விளக்கியபோது இரண்டு வார்த்தைகள் அவள் காதில் விழுந்துவிட்டன. "உள்ளுக்குள்ள ஸ்டாட்டிக் கரண்டு ஏறும் அண்ணாச்சி. பொடி போய் ஒட்டிக்கும்."

கரண்டு. பொடி.

யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், பட்டிக்காட்டுப் பொம்பளை என்று சிரிப்பார்கள். வேலையும் போகும். அன்று முதல் கடையைத் திறந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஒரு சணல் சாக்கைக் குழாயடியில் நனைத்து மெஷினுக்குப் பின்னால், தாள் கட்டுகள் அடுக்கும் மூலையில், யார் கண்ணிலும் படாமல் விரித்துவைப்பது. "தூசி அடங்கும் அண்ணாச்சி" என்று சொல்லிச் சுற்றிலும் தண்ணீர் தெளிப்பாள். மெஷினைத் தொடும் முன் ஜன்னல் கம்பியை ஒரு முறை தொட்டுக்கொள்வாள். அண்ணாச்சி அதைச் சாமி கும்பிடுவதாக நினைத்துக்கொண்டார்.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கையில்தான் வீட்டுக்குள் வேறொரு நெருப்பு வந்து விழுந்தது. அவள் கணவன் புகழேந்தி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். அவனை மருந்து ரூமுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார் போர்மேன். அங்கே சம்பளம் கூட.

"உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன், அந்த ரூமு மட்டும் வேண்டாங்க" என்று பானுப்பிரியா அழுதாள்.

"எனக்கு மட்டும் ஆசையா புள்ள? ஆர்த்திய மேல படிக்க வைக்கணும்ல? அண்ணாச்சி உனக்கு நிரந்தரம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் அந்த ரூமு வாசலைக்கூட மிதிக்க மாட்டேன். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல போர்மேனுக்குப் பதில் சொல்லியாகணும். கேட்டுக்கு வந்து வாட்ச்மேன் கிட்ட போனை வாங்குவேன். நீ கூப்பிட்டேன்னா ஒரு பதில். கூப்பிடலேன்னா ஒரு பதில்."

வெடி ஆபீஸுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அவனை எட்ட வழியே கிடையாது.

அந்தச் சனிக்கிழமை விடிந்தது. மாசக் கடைசியும் அதுதான்.

அனலாய்க் காற்று வீசியது. கடை திறந்த கையோடு தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலக உதவியாளர் செல்லச்சாமி வேனோடு வந்து நின்றார். கல்லூரி மெஷின் படுத்துவிட்டதாம். மத்தியானப் பரீட்சைக்கு வினாத்தாள் வேண்டும். ரகசிய எண் போட்டு மெயிலில் வந்திருந்தது.

"பானு, இந்த ஆர்டர் நல்லபடியா முடிஞ்சா வருஷம் பூரா அந்தக் காலேஜ் வேலை நமக்குத்தான்" என்றார் அண்ணாச்சி. "இதை முடிச்சுக் குடு. கையோட உன் விஷயத்தையும் பேசிடுவோம்."

அவள் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். எண்ணைத் தட்டினாள். மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது. முதல் கட்டு வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தவளின் முகம் செத்துப்போயிற்று.

எழுத்துகள் பாதிக்கு மேல் வெளுத்துக் கிடந்தன. நடுவில் திட்டுத் திட்டாக வெள்ளை. கேள்வி இருந்தால் எண் இல்லை, எண் இருந்தால் கேள்வி இல்லை.

"என்னம்மா இது?" செல்லச்சாமி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பிள்ளைக கேள்வியையும் சேர்த்து எழுதணுமோ?"

மறுபடி அடித்தாள். அதே கோலம். இன்னொரு முறை அடித்தபோது தாள் சுருண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து அதை உருவுகையில், உள்ளே எங்கோ மெல்லியதாக ஒரு சடசடப்பு. அக்கா, அக்கா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அண்ணாச்சி போன் பேசத் திரும்பிய நேரம் பார்த்து, ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அந்தச் சாக்கின் மேல் கவிழ்த்தாள். எரிகிற வீட்டில் தண்ணீர் ஊற்றுகிறவளுடைய அவசரம் அதில் இருந்தது. அதற்கு அப்புறம் வந்த தாள்கள் முன்பைவிட மோசமாக வெளுத்திருந்தன.

நல்ல வேளை, ராஜபாண்டியன் சாத்தூரிலேயே ஒரு வங்கியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சியின் குரலைக் கேட்டதும் பைக்கில் பறந்து வந்தான்.

"ஏலே, நேத்து வந்த மெஷின்யா இது! டிரம்மு போச்சுன்னு எவனாவது சொன்னீக, தூக்கி நடுரோட்டுல போட்ருவேன்" என்று அண்ணாச்சி எகிறினார்.

"இருங்க அண்ணாச்சி, கையை வைக்க விடுங்க."

டிரம்மை உருவிப் பார்த்தான். நன்றாக இருந்தது. பொடி நிறைய இருந்தது. ஒரு தாளை ஓடவிட்டு, வெளியே வரும் இடத்தில் குனிந்து பார்த்தான். அவன் புருவம் சுருங்கியது. தாளோடு சேர்ந்து மெல்லியதாக ஆவி எழுந்தது. இட்லிப் பானை மூடியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. தாள் தட்டை இழுத்து, உள்ளே இருந்த தாள் கட்டைத் தடவினான்; நமத்துப்போயிருந்தது. பிறகு பின்பக்கம் கையை விட்டான்.

கையோடு வெளியே வந்தது, சொட்டச் சொட்ட அந்தச் சாக்கு.



"இது யாரு வச்சது?" என்றான் ராஜபாண்டியன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூரை ஒழுகல் என்றோ, எலி இழுத்து வந்தது என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் சாக்கில்லாத அந்த மெஷின் பக்கத்தில் நாளைக்கும் நிற்க வேண்டுமே! அந்தப் பயம் பொய்யை முந்திக்கொண்டது.

"நான்தான் வச்சேன்" என்றாள் பானுப்பிரியா. "உள்ள கரண்டு ஏறும், பொடி இருக்குன்னு நீங்கதான சொன்னீக? எங்க அக்கா அப்படித்தான் போனா. உடம்புக் கரண்டு, மருந்துப் பொடி. சாக்கு காஞ்சு கிடந்துச்சு. அதான் நான் காய விடல."

சொல்லி முடிக்கும்போது கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. செல்லச்சாமி வேனைப் பார்த்தார். அவருடைய பெரியப்பா மகனும் அப்படித்தான் போயிருந்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

ராஜபாண்டியன் அவளைத் திட்டவில்லை. சாக்கை வாசலில் எறிந்துவிட்டு வந்து நிதானமாகச் சொன்னான்:

"அக்கா, தப்பு என் மேலதான். பாதியைச் சொல்லிட்டுப் போயிட்டேன். முழுசாக் கேளுங்க. இந்தா, இந்த உருளைதான் டிரம்மு. மெஷின் முதல்ல இது மேல பூரா கரண்டை ஏத்தும். அப்புறம் ஒரு ஒளிக்கதிர் வந்து, தாள்ல இருக்கிற எழுத்தை இது மேல வரையும். வரைஞ்ச எடத்துல கரண்டு மாறிப்போயிரும். பொடி அந்த எடத்தைத் தேடித்தான் ஒட்டும். தாள் கிட்ட வந்ததும், தாளுக்கும் கரண்டைக் குடுத்துப் பொடியை அதுக்கு இழுப்போம். கடைசியில சூடான ரெண்டு உருளைக்கு நடுவுல போகும்போது பொடி உருகித் தாளோட ஒட்டிக்கும். வர்ற தாள் சுடுதுல்ல, அது இதனாலதான்."

"அப்ப வெடிக்காதா?"

"இது பிளாஸ்டிக் பொடி அக்கா. உங்க மருந்து மாதிரி பொறி பட்டதும் சீறாது. உள்ள ஏறுற கரண்டும் துளியூண்டு. நீங்க அங்கன எதை விரட்டுவீகளோ, அதை வச்சுத்தான் இது வேலையே பார்க்குது. அன்னாடம் ஈரத்தைக் காட்டுனா, அது கொஞ்சம் கொஞ்சமாத் தாள்ல ஏறி, கரண்டு தாள் வழியா ஒழுகிப்போயிருது. பொடி ஒட்ட மாட்டேங்குது. அம்புட்டுத்தான்."

அண்ணாச்சி குறுக்கே வந்தார். "அம்புட்டுத்தானா? ஆர்டரு போச்சேய்யா! நீ வீட்டுக்குக் கிளம்பு தாயி. உன் நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா வெடி ஆபீஸ் நடத்த நான் கடை போடல. ராஜபாண்டி, நீயே அடிச்சுக் குடு."

"பேங்குல ஒரு மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. போகாட்டி என் வேலை போயிரும். மேல் ஷெல்பில இருக்கிற காஞ்ச கட்டைப் போடுங்க. முதல்ல வெறும் தாளாக் கொஞ்சம் ஓடட்டும், சூட்டுலயே உள்ள இருக்கிற ஈரம் போயிரும். அப்புறம் சரியா வரும்."

"ஓட்டுறதுக்கு ஆளு?"

அண்ணாச்சிக்கு அந்த மெஷினில் பொத்தானை அழுத்தக்கூடத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தார். பானுப்பிரியாவும் பார்த்தாள். சாப்பாட்டு மணிக்கு அதிக நேரம் இல்லை. ஏழாயிரம்பண்ணையில் போர்மேன் பதிலுக்குக் காத்திருப்பார். தாமிரத் தகட்டைத் தொட்டுவிட்டு அவள் புருஷன் அந்த அறைக்குள் நுழையும் காட்சி கண் முன்னால் வந்து நின்றது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானே அடிக்கிறேன் அண்ணாச்சி. இந்த ஒரு லோடு மட்டும். அப்புறம் போகச் சொன்னீகன்னா போயிடுறேன்."

"சாக்கு?"

"வேண்டாம்."

அண்ணாச்சி தலையாட்டினார். ராஜபாண்டியன் ஈரத் தரையைத் துடைத்து, மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு, "பச்சைப் பிடி இருக்குல்ல, அங்கன மட்டும் சுடும், பார்த்து" என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தான்.

வெறும் தாள்கள் ஓடின. முதலில் ஆவியோடு வந்தன, பிறகு ஆவி குறைந்தது, பிறகு மொரமொரப்பாக வந்து விழுந்தன. அவள் எண்ணைத் தட்டினாள். வினாத்தாள் வந்தது. கறுப்பு எழுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல.

"இது கேள்வி!" என்றார் செல்லச்சாமி. "இப்பத்தான் பயலுக முழிப்பானுக."

மெஷின் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. காற்று காய்ந்து, தாள் காய்ந்து, தட்டில் விழும் கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் சடசடத்தன. ஒவ்வொரு சடசடப்புக்கும் அவள் தோள் துள்ளியது. கையில் ரோமம் குத்திட்டு நின்றது. ஓடிவிடு, ஓடிவிடு என்று உடம்பு பூராவும் கதறியது. பாதிக் கட்டுகள் தாண்டியிருக்கும். சட்டென்று மெஷின் நின்றது. சிவப்பு விளக்கு மினுங்கியது. தாள் சிக்கிவிட்டது.

பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே இருட்டு, சூடு, கறுப்புப் பொடியின் வாடை. பச்சைப் பிடிக்குப் பின்னால், ஆழத்தில், தாளின் ஒரு முனை தெரிந்தது. கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஜன்னல் கம்பியைத் திரும்பிப் பார்த்தாள். எட்டாத தூரத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த இரும்பு அலமாரியை நோக்கி விரலை நீட்டினாள்.

டிக்.

விரல் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே நீலமாய் ஒரு பொறி. அவள் கண்ணால் பார்த்தாள். சுண்டு விரலிலிருந்து முழங்கை வரை சுரீரென்றது.

பானுப்பிரியா கண்களை இறுக மூடிக்கொண்டாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். கூரை பறக்கும். சத்தம் வரும். புகை வரும். அய்யம்மாள் என்று யாரோ அலறுவார்கள். ஆர்த்தியின் முகத்தை நினைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். காத்திருந்துகொண்டே இருந்தாள்.

தெருவில் யாரோ வெள்ளரிப்பிஞ்சு கூவி விற்றுக்கொண்டு போனார்கள்.

"என்ன தாயி, தூங்கிட்டியா?" அண்ணாச்சியின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். மெஷின் அப்படியே நின்றது. விளக்கு மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. தன் விரலைப் பார்த்தாள். அது அவள் விரல்தான், அவள் கையில்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையை உள்ளே விட்டாள். பச்சைப் பிடியைத் தாழ்த்தினாள். சூடு மணிக்கட்டில் பட்டது. தாளின் முனையைப் பிடித்து, கிழியாமல், மெதுவாக, மெதுவாக உருவி எடுத்தாள். மூடியைச் சாத்தினாள். மெஷின் ஒரு முறை கனைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடியது.

கடைசிக் கட்டையும் வாங்கிப் பெட்டியில் அடுக்கி வேனில் ஏற்றியதும், செல்லச்சாமி வண்டியைக் கிளப்பினார். "அண்ணாச்சி, அடுத்த வாரப் பரீட்சைக்கும் வருவேன். இந்த அம்மாவையே அடிக்கச் சொல்லுங்க" என்று ஜன்னல் வழியே கத்திவிட்டுப் போனார்.

பானுப்பிரியா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அண்ணாச்சி கல்லாவைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே. "திங்கக்கிழமையில இருந்து இந்தக் கடைக்குள்ள ஒரு சொம்புத் தண்ணி வந்துச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன். குடிக்கிறதா இருந்தாலும் வாசல்ல நின்னுதான் குடிக்கணும். கேட்டுச்சா?"

அவளுக்குச் சொல்லின் பொருள் உள்ளே இறங்க ஒரு கணம் ஆயிற்று. பிறகு பையைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். போனை எடுத்துக் காதில் வைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டதா? வாட்ச்மேனிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாரா? மாரியாத்தா, இருக்கன்குடி மாரியாத்தா என்று உதடு முணுமுணுத்தது.

"ஏ புள்ள."

"எங்க இருக்கீக? உள்ள போயிட்டீகளா?"

"கேட்டுலதான் நிக்கேன். போர்மேன் பக்கத்துலயே நிக்கிறாரு. போனை வச்சிட்டு வர்றியா இல்லையாடான்னு பிடுங்குறாரு. என்ன ஆச்சு? ஏன் அழுற?"

"நிரந்தரம்னு சொல்லிட்டாருங்க" என்றாள்.

மறுமுனையில் அவன் போனைக் கீழே இறக்கிவிட்டான், ஆனால் அணைக்கவில்லை. தூரத்திலிருந்து அவன் குரல் தெளிவாக வந்தது.

"அண்ணே, நான் ரூமுக்கு வரல."

"அட, கிறுக்குப் பய புள்ள! பொண்டாட்டி சொன்னாளா?"

"ஆமாண்ணே, பொண்டாட்டிதான் சொன்னா. லாரி வந்து நிக்குது, நான் லோடு ஏத்தப் போறேன்."

சாத்தூர்க் கடைவாசலில், உச்சி வெயிலில், போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்தபடி பானுப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். அட்டைப் பெட்டிகள் லாரியில் தொம் தொம்மென்று விழும் ஓசை அவளுக்குக் கேட்டது.